வாஷிங் மெஷினுக்குப் புது மோட்டார்: வயர் நிறத்தை நம்பாமல் இணைப்பது எப்படி?

பழைய மோட்டாரில் நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று வயர். கடையில் வாங்கி வந்த புது மோட்டாரில் வெள்ளை, பழுப்பு, அப்புறம் இன்னொரு நீலம். நீலத்தை நீலத்தோடு சேர்த்துவிட்டு, மீதி இரண்டைக் குத்துமதிப்பாக முறுக்கிவிட்டால் என்ன ஆகும்? நேரம் நன்றாக இருந்தால் ஓடும். இல்லையென்றால் முனகிக்கொண்டே நிற்கும். கவனிக்காமல் விட்டால் புது மோட்டாரும் கருகும். வாஷ் மோட்டாரின் வயர் நிறத்துக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கணக்கு எதுவும் கிடையாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலிலேயே நிறம் மாறி வரும். மாறாத விஷயம் உள்ளே கம்பி சுற்றியிருக்கும் 'காயில்'தான். அதை மல்டிமீட்டர் வைத்து அளந்துவிட்டால் எந்த நிறம் வந்தாலும் கவலை இல்லை.

இது செமி ஆட்டோமேட்டிக் மெஷினுக்கான வழிகாட்டி. ஒரு பக்கம் துவைக்கும் தொட்டி, மறுபக்கம் பிழியும் தொட்டி உள்ள வகை. வடசென்னையில் இதற்கு இன்னும் மவுசு குறையவில்லை. ஃபுல்லி ஆட்டோமேட்டிக் ஓட வேண்டுமென்றால் குழாயில் தண்ணீர் தானாக வந்துகொண்டிருக்க வேண்டும். அடிபம்பில் அடித்தோ, மெட்ரோ வாட்டர் லாரியில் பிடித்தோ, குடம் குடமாக ஊற்றித் துவைக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது. வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டைப் பக்கம் வீட்டு நடையிலும் மாடிப்படிக்குக் கீழேயும் நிற்பவை பெரும்பாலும் இந்த மெஷின்கள்தான்.

மல்டிமீட்டரைக் கையில் தொட்டதே இல்லை என்றால் முதல் வேலையாக இதைச் செய்ய வேண்டாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஆனால் இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள். அவர் எதை அளக்கிறார், எதை அளக்காமல் விடுகிறார் என்று உங்களுக்கே தெரியும்.

பிளக்கைப் பிடுங்குவது

சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கையே பிடுங்கி எடுத்துவிடுங்கள். பழைய வீடுகளில் சுவிட்சை ஃபேஸில் (கரண்ட் வரும் வயர்) போடாமல் நியூட்ரலில் (கரண்ட் திரும்பும் வயர்) போட்டிருப்பது சகஜம். சுவிட்சை அணைத்தாலும் மெஷினுக்குள் கரண்ட் நின்றுகொண்டுதான் இருக்கும். தரை ஈரமாக இருந்தால் துடைத்து, ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு உட்காருங்கள்.

அடுத்தது கெப்பாசிட்டர், அதாவது மோட்டாரைக் கிளப்ப உதவும், சார்ஜைத் தேக்கி வைக்கும் சின்ன டப்பா. நல்ல மோட்டாரோடு இணைந்திருக்கும்போது, பிளக்கைப் பிடுங்கிய மறுகணமே அதில் உள்ள சார்ஜ் காயில் வழியாக இறங்கிவிடும். காயில் அறுந்துபோன மோட்டாரில் அந்த வழி இருக்காது. அதாவது, நீங்கள் ரிப்பேருக்குப் பிரிக்கும் மெஷினில்தான் ஷாக் அடிக்க வாய்ப்பு அதிகம். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பின் இரண்டு வயரையும் கெப்பாசிட்டர் முனைகளில் சில நொடி தொட்டு வையுங்கள், சார்ஜ் இறங்கிவிடும். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்து 'டப்'பென்று பொறி பறக்கவிடும் பழக்கம் பல மெக்கானிக்குகளிடம் உண்டு. கெப்பாசிட்டருக்கும் நல்லதில்லை, கண்ணுக்கும் நல்லதில்லை.

போனது மோட்டார்தானா?

"அண்ணே, மோட்டார் போய்டுச்சு, புதுசு போட்டுக் குடுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் எல்லோரும் மெஷினைக் காட்டுவார்கள். திறந்து பார்த்தால் எலி கடித்த வயர். அடிப்பக்கம் திறந்தே இருக்கும் மெஷின்களில் எலி சொந்த வீடு மாதிரி வந்து போகும். அதனால் பின்பக்க மூடியைக் கழற்றியதும் டார்ச் அடித்து வயர்களை முழுக்கப் பாருங்கள். மீட்டருக்கு வேலை அப்புறம்தான்.

வயர் எல்லாம் சரியாக இருந்தால், மெஷின் எப்படி நின்றது என்பதை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடலாம்.

ஒரு பக்கம் நன்றாகச் சுற்றுகிறது, மறுபக்கம் சுற்ற வேண்டிய நேரத்தில் சும்மா நிற்கிறது என்றால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். நின்ற நிலையிலிருந்து ஒரு திசையில் ஒழுங்காகக் கிளம்ப இரண்டு காயிலும் கெப்பாசிட்டரும் நன்றாக இருந்தாக வேண்டும். அப்படியானால் கோளாறு டைமரிலோ, டைமரிலிருந்து வரும் வயரிலோதான். இது தெரியாமல் மாற்றப்பட்ட நல்ல மோட்டார்கள் காயலான் கடையில் எத்தனையோ கிடக்கும்.

இரண்டு பக்கமும் முனகுகிறது, சுற்றவில்லை என்றால் மூன்று காரணம் இருக்கலாம்: கெப்பாசிட்டர் வீக், ஒரு காயில் அறுந்துவிட்டது, அல்லது பல்சேட்டர் (துவைக்கும் தொட்டியின் அடியில் சுற்றும் தட்டு) இறுகிவிட்டது. பெல்ட்டைக் கழற்றி, கியர் பாக்ஸ் புல்லியை (பெல்ட் ஓடும் சக்கரம்) கையால் சுற்றுங்கள். இறுகி நின்றால் தொட்டிக்குள் பல்சேட்டரின் நடு ஸ்க்ரூவைக் கழற்றி, பல்சேட்டரைத் தூக்கிப் பாருங்கள். ஒரு ரூபாய்க் காசு, ஹேர்பின், புடவை ஓர நூல், பிள்ளையின் சாக்ஸ் என்று ஏதாவது கிடைக்கும். இதைச் சரி செய்யாமல் புது மோட்டார் போட்டால் அதுவும் அதே கதிக்குத்தான் போகும்.

கெப்பாசிட்டரைத் தனியாகக் கழற்றி, மைக்ரோஃபாரட் அளக்கும் வசதி உள்ள மீட்டரில் வையுங்கள். 10 என்று அச்சடித்ததில் 9.5 முதல் 10.5 வரை வந்தால் சரி. 7, 6 என்று இறங்கியிருந்தால் கெப்பாசிட்டரை மட்டும் மாற்றிப் பாருங்கள். மோட்டார் விலையில் சிறு பகுதிதான் ஆகும்.

எந்தச் சத்தமும் இல்லையென்றால் மோட்டாரின் மூன்று வயர்களையும் கழற்றி அளக்க வேண்டும். எப்படி அளப்பது என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன். காயிலின் இரு முனைகளுக்கு நடுவே அளவு வருகிறது, காமனிலிருந்து (இரண்டு காயிலுக்கும் பொதுவான வயர்) இரண்டுக்குமே எதுவும் வரவில்லை என்றால், காமன் வயரில் உள்ளே கட்டியிருக்கும் தெர்மல் ஃப்யூஸ் போயிருக்கும். சிலர் அதை வெட்டிவிட்டு நேரடியாக முறுக்கித் தருவார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அடுத்த முறை மோட்டார் சூடேறும்போது தடுக்க ஒன்றும் இருக்காது. கீழே இருப்பது பிளாஸ்டிக் பேஸ்.

மழைத் தண்ணீரில் நின்ற மெஷின் விஷயம் வேறு. 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வடசென்னையில் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. மோட்டார் இருப்பது மெஷினின் அடியில். தண்ணீர் அரை அடி ஏறினாலே நனைந்துவிடும். அப்படி நனைந்ததை 'காய்ந்திருக்கும்' என்று நினைத்து பிளக்கில் சொருகாதீர்கள். ஒவ்வொரு வயரையும் மோட்டார் பாடியோடு வைத்து அளக்க வேண்டும். சாதாரண மீட்டரில் எதுவும் காட்டக்கூடாது. மெகர் (கரண்ட் கசிவைச் சோதிக்கும் மீட்டர்) வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் 500 வோல்ட்டில் அளந்தால் குறைந்தது 1 மெகா ஓமாவது வர வேண்டும். அதற்குக் குறைந்தால் பாடியில் கரண்ட் கசியும்.

கடையில்

பழைய மோட்டாரைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள். போட்டோவைக் காட்டி வாங்குவது வேலைக்கு ஆகாது. போல்ட் ஓட்டைகளின் இடைவெளி, தண்டின் உயரம், தண்டின் கனம் மூன்றும் பொருந்த வேண்டும். உங்கள் பேட்டையிலேயே ஸ்பேர்ஸ் கடை இருக்கும். அங்கே கிடைக்காவிட்டால் பாரிமுனைச் சுற்றுவட்டாரத்து எலக்ட்ரிக்கல் கடைகளில் விசாரிக்கலாம். மல்டிமீட்டர் வாங்க ரிச்சி தெரு.

மோட்டார் மேல் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்பது எல்லாவற்றிலும் இருக்கும். பார்க்க வேண்டியது வாட்ஸும் கெப்பாசிட்டர் அளவும். பழைய மோட்டார் 10 மைக்ரோஃபாரட் கேட்டது, புதியது 12 கேட்கிறது என்றால் கெப்பாசிட்டரையும் சேர்த்து வாங்க வேண்டும். 'பழசே ஓடும்' என்பார் கடைக்காரர். ஓடும், ஆனால் துணி போட்டதும் திணறும். கெப்பாசிட்டர் மேல் 440 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு காயிலுக்கும் குறுக்கே நிற்பதால் கரண்ட் வரும் 230 வோல்ட்டை விட அதிகமான அழுத்தத்தை அது தாங்க வேண்டும்.

காப்பர் வைண்டிங்கா, அலுமினியமா என்று கேளுங்கள். அலுமினியம் விலை குறைவு. ஒரே வேலையைச் செய்ய அதற்குப் பெரிய கனத்தில் கம்பி வேண்டும்; அந்த இடம் இல்லாதபோது மெல்லியதாகச் சுற்றிவிடுவார்கள், சூடு அதிகமாகும். வீட்டில் இரண்டு பேர், வாரம் இரண்டு தடவை துவைப்பார்கள் என்றால் அலுமினியமே போதும். ஆறு பேர் இருக்கும் வீட்டில் தினமும் ஜீன்ஸும் பெட்ஷீட்டும் சுற்றுகிறது என்றால் காப்பருக்குக் கூடுதல் காசு கொடுப்பதுதான் சரி. சாயந்திர நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் தெருவாக இருந்தாலும் அப்படித்தான். இந்த வகை மோட்டாரின் சுழற்றும் வலு வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால் வலு ஏறக்குறைய 60 சதவீதம்தான் இருக்கும். துணியின் எடை மட்டும் குறையாது.

பில் போடும் முன்பே கடையில் மூன்று வயரையும் அளந்துவிடுங்கள். வாஷ் மோட்டார் கேட்டதற்கு, பிழியும் தொட்டிக்கான ஸ்பின் மோட்டாரை எடுத்துக் கொடுத்துவிடுவது நடக்கும், பார்க்க இரண்டும் ஒன்று போலவே இருக்கும். அளவு என்ன வர வேண்டும் என்பதற்குத்தான் அடுத்து வருகிறோம்.

மூன்று வயர், மூன்று அளவு

வாஷ் மோட்டார் இரண்டு திசையிலும் மாறி மாறிச் சுற்ற வேண்டும். அதனால் உள்ளே ஒரே மாதிரி இரண்டு காயில் இருக்கும். இரண்டின் ஒரு முனையைச் சேர்த்துக் கட்டி வெளியே எடுத்த வயர்தான் காமன். மற்ற இரண்டும் ஆளுக்கு ஒரு காயிலின் மறுமுனை. கெப்பாசிட்டர் இந்த இரு முனைகளுக்கும் குறுக்கே நிற்கும். டைமர் முதல் முனைக்கு நேராகக் கரண்ட் கொடுக்கும்போது, இரண்டாவது காயிலுக்குக் கெப்பாசிட்டர் வழியாகக் கரண்ட் போகும். மோட்டார் ஒரு திசையில் சுற்றும். பிறகு சற்று நின்று, இரண்டாவது முனைக்கு நேராகக் கொடுக்கும். இப்போது முதல் காயில் கெப்பாசிட்டர் வழியே இயங்கி, திசை மாறும். மெஷினின் முன்னும் பின்னுமான சுற்றல் அவ்வளவுதான்.

சரி, அளப்போம். மூன்று வயரிலும் காகித டேப் ஒட்டி 1, 2, 3 என்று எழுதுங்கள். மீட்டரை 200 ஓம் நிலையில் வைத்து, முதலில் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். அரை ஓம் அளவில் ஏதாவது காட்டும், அது மீட்டர் வயரின் கணக்கு. அதை மனதில் வைத்துக்கொண்டு 1-க்கும் 2-க்கும் நடுவே, 2-க்கும் 3-க்கும் நடுவே, 1-க்கும் 3-க்கும் நடுவே அளந்து, ஒரு காகிதத்தில் எழுதுங்கள்.

உதாரணத்துக்கு 18, 36, 18 என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 36 வந்தது 2-க்கும் 3-க்கும் நடுவே. அதாவது அங்கே இரண்டு காயிலையும் சேர்த்து அளந்திருக்கிறீர்கள். அந்த அளவில் பங்கெடுக்காத வயர் 1. அதுதான் காமன். பெரிய அளவு வந்த ஜோடியைக் கண்டுபிடி, அந்த ஜோடியில் இல்லாத வயர் காமன்: இந்த ஒரு கணக்கு எந்த வாஷ் மோட்டாருக்கும் பொருந்தும். எண்கள் மோட்டாருக்கு மோட்டார் மாறும். 25, 50, 25 வரலாம். ஆனால் சிறியவை இரண்டும் சமமாக, பெரியது அவற்றின் கூட்டலாக இருக்க வேண்டும்.

28, 47, 75 என்பது போல மூன்றும் மூன்று விதமாக வந்தால் கையில் இருப்பது ஸ்பின் மோட்டார். அது ஒரே திசையில் சுற்றினால் போதும் என்பதால் ஒரு காயில் மெயின், இன்னொன்று ஸ்டார்ட்டிங்குக்கு உதவுவது. ஸ்பின் மோட்டாரில் அந்த இரு முனைகளையும் மாற்றிவிட்டால் தொட்டி தலைகீழ்த் திசையில் சுற்றும், சூடும் ஏறும். வாஷ் மோட்டாரில் இரு முனைகளும் இடம் மாறினால் ஒன்றும் ஆகாது. முதலில் வலது பக்கம் சுற்றியது இனி முதலில் இடது பக்கம் சுற்றும், அவ்வளவே. காமன் மட்டும் மாறவே கூடாது. காமனின் இடத்தில் வேறு முனையைக் கட்டிவிட்டால் ஒரு திசையில் முனகி நிற்கும், மறு திசையில் வலுவில்லாமல் இழுக்கும்.

வாஷ் மோட்டார்தான் என்று உறுதியாகத் தெரிந்தும் ஒரு காயிலில் 18, மற்றதில் 11 என்று வந்தால், 11 வந்த காயிலுக்குள் சுற்றுகள் ஒட்டியிருக்கின்றன. புது மோட்டாரில் அப்படி வந்தால் கடையிலேயே வைத்துவிட்டு வேறு கேளுங்கள்.

மெஷின் பக்கத்து வயர்கள்

மோட்டார் பக்கம் முடிந்தது. மேலே பேனலிலிருந்து இறங்கும் வயர்களில் காமன் எது? இதற்கு மீட்டர் கூட வேண்டாம். கெப்பாசிட்டரின் இரண்டு கால்களும் எந்த இரண்டு வயர்களோடு சேர்ந்திருக்கின்றன என்று பாருங்கள். அவைதான் முனைகள். கெப்பாசிட்டர் தொடாத மூன்றாவது வயர் காமன். இதனால்தான் பழைய மோட்டாரைக் கழற்றும் முன் போட்டோ எடுங்கள், படமும் வரையுங்கள் என்கிறேன். போட்டோவில் வயர்கள் ஒன்றன் பின் ஒன்று மறைந்துவிடும். பென்சிலால் வரைந்த படத்தில் எதுவும் மறையாது.

வாஷுக்கும் ஸ்பின்னுக்கும் சேர்த்து ஒரே டப்பாவில் இரண்டு கெப்பாசிட்டர் வரும் மாடல்கள் உண்டு. மேலே 10 + 5 என்பது போல அச்சடித்து, எந்த நிற வயர் எந்த அளவு என்றும் எழுதியிருக்கும். புது மோட்டார் வேறு அளவு கேட்டால், ஸ்பின்னுக்கான பகுதியை அப்படியே விட்டுவிட்டு வாஷுக்கு மட்டும் தனிக் கெப்பாசிட்டர் போடலாம். பழைய டப்பாவில் வாஷுக்கென்றே தனியாக வரும் கால் வயரை வெட்டி, அதன் முனையில் ஸ்லீவ் மாட்டி மூடிவிடுங்கள். இரண்டுக்கும் பொதுவாக ஒரு கால் இருந்தால் அதில் கை வைக்காதீர்கள், ஸ்பின் நின்றுவிடும்.

பேனலைத் திறந்திருக்கும்போதே டைமரையும் சோதித்துவிடலாம், இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கையால் முறுக்கும் டைமர் ஸ்பிரிங்கில் ஓடுகிறது. அதற்குக் கரண்டே வேண்டாம். பிளக் வெளியே கிடக்க, மோட்டார் வயர்கள் கழன்றிருக்க, மீட்டரை பீப் நிலையில் வையுங்கள். ஒரு ஊசி டைமருக்குள் கரண்ட் நுழையும் முனையில், மறு ஊசி வெளியேறும் இரண்டில் ஒன்றில். குமிழைத் திருகி விடுங்கள். உள்ளே பல்சக்கரம் டிக் டிக்கென்று ஓடும், சில நொடிக்கு மீட்டர் கத்தும், நிற்கும், கொஞ்சம் அமைதி, அப்புறம் மறுபடி கத்தும். இப்போது ஊசியை மற்ற முனைக்கு மாற்றுங்கள். முன்பு அமைதியாக இருந்த நேரத்தில் இது கத்த வேண்டும். ஒரு முனையில் விட்டுவிட்டுக் கத்தினாலோ, கொரகொரவென்று தடுமாறினாலோ உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கிறது. புது மோட்டார் போடுவதோடு டைமரையும் மாற்றிவிடுங்கள். ஜென்டில், நார்மல் என்று தேர்வு செய்யும் சுவிட்ச் இருந்தால் நார்மலில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

கழற்றுவதும் மாட்டுவதும்

மெஷினைப் பழைய போர்வை மேல் பக்கவாட்டில் சாயுங்கள். தண்ணீரை முன்னமே வடித்துவிட வேண்டும், ஹோஸில் தேங்கியதும் சேர்த்து. ராயபுரம், காசிமேடு, எண்ணூர் என்று கடலோரமாக இருந்தால் உப்புக்காற்றில் மோட்டார் போல்ட்டுகள் துருவோடு துருவாகப் பிடித்திருக்கும். துரு எண்ணெய் அடித்துவிட்டு ஒரு டீ குடித்து வந்து திருகுங்கள். பலம் போட்டுத் திருகினால் போல்ட் உடைவதை விட மோசமாக, பிளாஸ்டிக் பேஸ் விரிசல் விடும். பெரும்பாலும் 10 எம்எம் பாக்ஸ் ஸ்பேனர் சேரும்.

ரப்பர் புஷ்கள் எந்த வரிசையில் இருந்தன என்று பார்த்து வையுங்கள். நசுங்கியிருந்தால் மாற்றுங்கள், இல்லையென்றால் மெஷின் துவைக்கும்போது வீடே அதிரும். தண்டில் இருக்கும் சின்ன புல்லியையும் பிளாஸ்டிக் ஃபேனையும் பழைய மோட்டாரிலிருந்து கழற்றிப் புதியதில் மாட்டுங்கள். ஃபேன் உடைந்துவிட்டது என்று மாட்டாமல் விடக்கூடாது. மோட்டாருக்குக் காற்று அதில்தான்.

வயர் இணைப்பு

பழைய மோட்டாரின் வயர்களை மோட்டார் பக்கம் வெட்டுங்கள். மேலிருந்து வரும் வயர் நீளம் குறையாமல் இருக்கும், அடுத்த ரிப்பேருக்கும் இடம் இருக்கும்.

காமனோடு காமன், முனையோடு முனை. இணைக்கும் முன்பே ஒவ்வொரு வயரிலும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவை (சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய்) நுழைத்துவிடுங்கள், பற்ற வைத்த பிறகுதான் அது ஞாபகத்துக்கு வரும். நுனியில் முக்கால் அங்குலம் தோலுரித்து, இரண்டையும் நேருக்கு நேர் வைத்து முறுக்கி, ஈயம் பற்ற வைத்து, ஸ்லீவை இழுத்து மூடிச் சூடு காட்டுங்கள். பற்ற வைக்கும் வசதி இல்லையென்றால் நசுக்கி மூடும் கிரிம்ப் கனெக்டர் போடலாம். நசுக்கியதும் இழுத்துப் பாருங்கள், வரக்கூடாது. முறுக்கி டேப் மட்டும் சுற்றுவது இந்த ஊர்ப் புழுக்கத்துக்குச் சரிப்படாது. மோட்டார் சூட்டில் டேப்பின் பசை இளகி, சோப்புத் தண்ணீர் ஈரத்தில் பிரிந்துவிடும்.

மூன்று இணைப்பும் ஒரே இடத்தில் வராமல் கொஞ்சம் ஏற்ற இறக்கமாக வெட்டிக்கொண்டால், ஸ்லீவ் கிழிந்தாலும் ஒன்றையொன்று தொடாது. இணைப்புகளை பேஸில் கிடக்க விடாமல் மேலே தூக்கி, பாடியோடு கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். மேலிருந்து வரும் வயர் ஒருமுறை கீழே தொங்கி, பிறகு மேலேறி இணைப்புக்குப் போகும்படி விடுங்கள். வயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும். பெல்ட்டுக்கும் ஃபேனுக்கும் பக்கத்தில் எந்த வயரும் வரக்கூடாது.

எர்த்

மோட்டார் பாடிக்குப் போகும் பச்சை வயரை மறக்காமல் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். துருவோ பெயின்ட்டோ இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு இறுக்க வேண்டும். மெஷின் பக்கம் இது சுலபம். சிக்கல் சுவரில்தான். பழைய ஹவுசிங் போர்டு வீடுகளிலும் வாடகைப் போர்ஷன்களிலும் மூன்று ஓட்டை சாக்கெட் இருக்கும், மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது.

சாக்கெட்டில் மீட்டரை ஏசி வோல்ட் நிலையில் வைத்து அளங்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வருவதும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வருவதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஓரிரு வோல்ட் இருக்கலாம். ஃபேஸ் - எர்த் அளவு 60, 90 என்று மிதந்தால் எர்த் இல்லை என்று அர்த்தம். டெஸ்டரை வைத்து எர்த்தைச் சோதிக்க முடியாது.

எர்த் இல்லாத வீட்டில் சிலர் ஒரு குறுக்கு வழி செய்வார்கள்: சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த் பின்னையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவார்கள். மீட்டரில் அளந்தால் எல்லாம் அருமையாகக் காட்டும். என்றைக்காவது நியூட்ரல் வயர் கழன்றால், மெஷினுக்குள் போன ஃபேஸ் அப்படியே திரும்பி பாடிக்கு வரும். ஈரக்கையோடு துணி எடுப்பவர் அதைத் தொடுவார். உங்கள் சாக்கெட்டில் அப்படி ஒரு துண்டு வயர் இருந்தால் மோட்டார் வேலையை நிறுத்திவிட்டு முதலில் முறையான எர்த் இழுக்க ஆள் பாருங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானாக அணையும் சுவிட்ச்) போட்டுவிட்டால் இன்னும் நல்லது.

ஓட்டிப் பார்ப்பது

பெல்ட் மாட்டாமல் முதல் ஓட்டம். அதற்கு முன் மீட்டரை எடுத்து, பிளக்கின் எர்த் பின்னுக்கும் மற்ற இரண்டு பின்னுக்கும் நடுவே எதுவும் காட்டவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். எர்த் பின்னுக்கும் மோட்டார் பாடிக்கும் நடுவே மட்டும் பீப் அடிக்க வேண்டும். சிலர் 100 வாட் குண்டு பல்பை சீரியலில் போட்டு மோட்டாரைச் சோதிப்பார்கள். இந்த மோட்டாருக்கு அது உதவாது. வோல்டேஜில் பெரும்பங்கைப் பல்பே எடுத்துக்கொள்ளும். நல்ல மோட்டாராக இருந்தாலும் பல்பு பளிச்சென்று எரியும், மோட்டார் கிளம்பாது. எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்) உள்ள சாக்கெட்டில் நேரடியாகச் சொருகி, கையைச் சுவிட்ச் மேலேயே வைத்துக்கொண்டு போடுங்கள்.

சட்டென்று கிளம்ப வேண்டும், நிற்க வேண்டும், எதிர்த்திசையில் அதே வேகத்தில் கிளம்ப வேண்டும். முனகல் கேட்டால் உடனே அணையுங்கள், பத்து நொடி பொறுத்துப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். காமன் மாறியிருக்கிறதா, கெப்பாசிட்டர் கால் கழன்றிருக்கிறதா, இந்த இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

திருப்தி என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு பெல்ட் மாட்டுங்கள். மோட்டார் உட்காரும் ஓட்டைகள் நீளமாக இருப்பது மோட்டாரைத் தள்ளி பெல்ட்டை இறுக்கத்தான். நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் போல உள்ளே போக வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் மோட்டாரின் பேரிங்கும் கியர் பாக்ஸும் சீக்கிரம் தேயும். தளர்ந்தால் துணி போட்டதும் வழுக்கி ரப்பர் தீய்ந்த வாடை வரும். பெல்ட் பழையதென்றால் அதன் மேல் அச்சடித்திருக்கும் எண்ணைச் சொல்லிப் புதிது வாங்கிப் போட்டுவிடுங்கள். இரண்டு புல்லியும் ஒரே மட்டத்தில் இருக்கிறதா என்று பக்கவாட்டிலிருந்து பாருங்கள்.

பாதித் தொட்டித் தண்ணீரில், துணி இல்லாமல் ஒரு முழு 15 நிமிடம். முடிந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மோட்டார் பாடியைத் தொடுங்கள். சூடாகத்தான் இருக்கும், சில நொடி கையை வைத்திருக்க முடிந்தால் சரி. முதல் தடவை லேசான வார்னிஷ் வாடை வரலாம். கருகிய வாடை வரக்கூடாது. கிளாம்ப் மீட்டர் (வயரை வெட்டாமல் கவ்வி கரண்ட்டை அளப்பது) கிடைத்தால், துணியோடு ஓடும்போது ஒற்றை வயரில் மாட்டிப் பாருங்கள். 350 வாட் மோட்டார் என்றால் 2 ஆம்பியருக்குள் நிற்க வேண்டும். கூடவே டார்ச் அடித்து, தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். கியர் பாக்ஸ் சீல் கசிந்து பழைய மோட்டார் மேல் சொட்டிக்கொண்டிருந்திருந்தால், அந்த ஈரம்தான் அதைக் கொன்றிருக்கும். சீலை மாற்றாமல் மூடியைப் போட்டுவிடாதீர்கள். அடியில் எலி நுழையாதபடி ஒரு கம்பி வலையும் கட்டிவிடலாம்.

பழைய மோட்டாரைக் காயலான் கடைக்குக் கொண்டு போகும்போது காப்பர் வைண்டிங் என்று நீங்களே சொல்லுங்கள், சொன்னால்தான் அந்த விலை பேசுவார்கள். அவர் ஒரு கம்பியைச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொள்வார். நல்ல நிலையில் இருக்கும் புஷ், போல்ட் எல்லாம் வீட்டில் கிடக்கட்டும். அளவு குறைந்த பழைய கெப்பாசிட்டரை மட்டும் டப்பாவில் போட்டு வைக்காமல் அன்றைக்கே தூக்கி எறிந்துவிடுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து யாராவது அதையே நல்லது என்று எடுத்து மாட்டுவார்கள்.